சீருடை அழைத்தால் வேலை என்ன ஆகும்? – வாசகர் கேள்விகளுக்கு விளக்கம்

அமெரிக்காவில் கிரீன் கார்டு இருந்தாலே, வேறு வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பணிபுரியும் ராணுவ ரிசர்விலோ, மாநிலப் படையான நேஷனல் கார்டிலோ சேரலாம். 2009 முதல் 2016 வரை நடந்த ‘மாவ்னி’ ஆள்சேர்ப்புத் திட்டத்தில் ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் சீருடை போடுவதில் அதிசயம் ஏதுமில்லை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: ராணுவம் கூப்பிட்டால் இங்கே இருக்கும் வேலை நிலைக்குமா? இதற்கென்றே 1994 அக்டோபர் 13 அன்று கையெழுத்தான ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ‘யூசெர்ரா’ என்பார்கள். நல்ல பலமான சட்டம்தான். ஆனால் தேதியையும் தாளையும் கவனிக்காதவரை அது கைவிட்டுவிடும். அதனால் கீழே வரும் நாள் கணக்குகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். ராணுவ ரிசர்வில் சேர்ந்திருக்கிறான். மாதம் ஒரு வார இறுதி ட்ரில், வருடத்துக்கு இரண்டு வாரப் பயிற்சி. “இந்தச் சட்டமெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான், லீவு தருவதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்வேன்” என்கிறார் முதலாளி. எதிர்த்துப் பேச அவனுக்குப் பயம். – ஒரு தாய், டல்லஸ்

முதலாளி சொன்ன இரண்டும் தவறு, அம்மா. குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டத்துக்கு 50 ஊழியர் என்ற வரம்பு உண்டு. அதை மனதில் வைத்து அவர் பேசியிருக்கலாம். யூசெர்ராவுக்கு அப்படி வரம்பே இல்லை. ஒரே ஒரு ஊழியரை வைத்திருப்பவரும் கட்டுப்பட்டவர்தான். பகுதிநேரமோ, முழுநேரமோ, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத புரொபேஷனோ, எல்லா ஊழியருக்கும் இது பொருந்தும். அவனாகவே விரும்பி ரிசர்வில் சேர்ந்தான் என்பதாலும் உரிமை குறையாது.

அடுத்தது அனுமதி. இந்தச் சட்டத்தில் ஊழியர் அனுமதி கேட்க வேண்டியதில்லை, முன்கூட்டித் தெரிவித்தால் போதும். வாயால் சொன்னாலும் சட்டப்படி செல்லும். ஆனாலும் மின்னஞ்சலில் சொல்வதே நல்லது, ஏனென்றால் ஆறு மாதம் கழித்து “என்னிடம் சொல்லவே இல்லை” என்று வந்தால் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி தேட வேண்டியிருக்கும். பலர் தவறுவது இங்கேதான்: “இரண்டு வாரம் லீவு கிடைக்குமா?” என்று எழுதிவிடுகிறார்கள். கேள்வியாக எழுதினால் “இல்லை” என்ற பதிலுக்கு நாமே இடம் கொடுத்ததாகும். மகன் எழுத வேண்டியது இவ்வளவுதான்: “ராணுவ ரிசர்வ் பயிற்சிக்காக இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலைக்கு வர இயலாது. முடிந்ததும் வேலைக்குத் திரும்புவேன். இது யூசெர்ரா சட்டப்படி தரும் அறிவிப்பு.” எழுதியதைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் அனுப்பிக்கொள்ளட்டும். வேலை போனால் கம்பெனி அஞ்சல் பெட்டியும் அன்றே மூடப்பட்டுவிடும்.

எத்தனை நாள் முன்னால்? சட்டத்தில் எண் கிடையாது. முடிந்தால் 30 நாள் முன்பே சொல்லுங்கள் என்று பாதுகாப்புத் துறை அழுத்திச் சொல்கிறது. திடீர் அழைப்பு வந்து சொல்ல நேரமே இல்லாமல் போனால் அந்தக் குறை மன்னிக்கப்படும். ட்ரில்லுக்கு அந்தச் சாக்கு எடுபடாது. படைப்பிரிவு வருடம் முழுமைக்கும் ட்ரில் அட்டவணை கொடுத்துவிடுவதால், அதைக் கையில் கிடைத்த வாரமே முதலாளியிடம் கொடுத்துவிடுவது மரியாதையும்கூட. எட்டுப் பேர் உள்ள இடத்தில் ஒருவர் இல்லாதது பெரிய சுமைதான். அதைப் புரிந்துகொண்டு நடப்பவருக்குத்தான் முதலாளியும் இணங்கிப் போவார்.

முதலாளி செய்யக் கூடாதவை சில உண்டு. உனக்குப் பதில் ஆளை நீயே பிடித்துக் கொடு என்று சொல்லக் கூடாது. சேர்த்து வைத்த விடுமுறையை இதற்குக் கழித்துக்கொள் என்று வற்புறுத்தக் கூடாது. மகன் தானாக விரும்பினால் கழிக்கலாம். இரவு ஷிப்டு முடித்த கையோடு காலை ட்ரில்லில் போய் நில் என்றும் சொல்ல முடியாது. பயணத்துக்கும் தூக்கத்துக்கும் தேவையான நேரத்துக்கு முன்பே அவனை விட்டாக வேண்டும்.

நியூ ஜெர்சியில் ஒரு கன்சல்டிங் நிறுவனம் மூலம் வங்கி ஒன்றில் வேலை பார்த்தேன். நேஷனல் கார்டில் ஏழு மாதம் மத்திய அரசுப் பணிக்குப் போய் வந்தேன். “ப்ராஜெக்ட் முடிந்தது” என்கிறது வங்கி. “அடுத்த ப்ராஜெக்ட் வரும்வரை பெஞ்சில் காத்திருக்கவும் இடமில்லை, ஏதாவது வந்தால் கூப்பிடுகிறோம்” என்கிறது கன்சல்டிங் நிறுவனம். யாரைப் பிடிப்பது? – ஒரு வாசகர், எடிசன்

முதலில் உங்கள் சம்பளம் எந்தப் படிவத்தில் வந்தது என்று பாருங்கள். டபிள்யூ-2 என்றால் நீங்கள் ஊழியர், சட்டம் உங்களைக் காக்கும். 1099 என்றால் தனி ஒப்பந்தக்காரர் என்று வாதம் வரும். அப்போதும் படிவம் மட்டும் முடிவு சொல்லாது. வேலையை எப்படிச் செய்வது என்று யார் கட்டுப்படுத்தினார்கள், கருவிகள் யாருடையவை, லாப நஷ்டம் உங்களுடையதா என்றெல்லாம் பார்ப்பார்கள். சொந்தமாக ஒரு கம்பெனி பதிவு செய்து, கம்பெனிக்குக் கம்பெனி என்ற முறையில் வேலை பார்த்திருந்தால் நிலைமை பலவீனம்தான்.

டபிள்யூ-2 என்றே வைத்துக்கொள்வோம். ஒரே வேலைக்கு இரண்டு முதலாளிகள் இருக்கலாம் என்று விதிகள் ஏற்கின்றன. சம்பளம் கொடுப்பவர் ஒருவர், அன்றாடம் வேலை வாங்குபவர் இன்னொருவர் என்றால், தத்தம் கையில் இருந்த கட்டுப்பாட்டுக்கு ஏற்ப இருவருமே பொறுப்பு. “ரிசர்வில் இருக்கும் அந்த ஆளை அனுப்பாதே” என்று வங்கி சொல்லியிருந்தால் வங்கியும் மாட்டும்.

ப்ராஜெக்ட் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்பதுதான் முக்கியம். நீங்கள் ராணுவத்துக்குப் போகாமல் அங்கேயே இருந்திருந்தால் இன்று எங்கே இருந்திருப்பீர்கள் என்று சட்டம் கேட்கும். உங்கள் குழுவில் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள் என்றால் உங்களையும் அனுப்பியிருப்பார்கள், கேட்க ஒன்றுமில்லை. நாலு பேரை வேறு கிளையன்டுக்கு மாற்றி, இரண்டு பேரைச் சம்பளத்தோடு பெஞ்சில் வைத்திருந்தால், உங்களுக்கும் அந்த இடம் உண்டு. ‘குறுகிய காலத் தற்காலிக வேலை, தொடரும் என்ற எதிர்பார்ப்பே இல்லை’ என்று நிறுவனம் தப்பிக்கப் பார்க்கலாம். அதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது, உங்களுடையது அல்ல. ஒப்பந்தம் எத்தனை முறை நீட்டிக்கப்பட்டது, கூட வேலை பார்த்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையெல்லாம் உடனே தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு நிறுவனங்களுக்கும் தனித்தனியாக மறுவேலைக் கோரிக்கை அனுப்புங்கள். ஒன்றுக்கு மட்டும் அனுப்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

என் கணவர் பதினோரு மாதப் பணி முடிந்து அடுத்த மாதம் திரும்புகிறார். இரண்டு மாதம் மதுரைக்குப் போய் அவர் பெற்றோருடன் இருந்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். அதற்குள் வேலை போய்விடுமா? – ஒரு வாசகி, வர்ஜீனியா

போகாது, போய் வாருங்கள். ஆனால் நாள் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

பணியில் இருந்த காலத்தைப் பொறுத்து, திரும்பி வரக் கெடு மாறும். 31 நாளுக்குக் குறைவான பணி என்றால், பணி முடிந்து வீட்டுக்குப் பயணம் செய்து, அதன்பின் 8 மணி நேரம் ஓய்வெடுத்து, அடுத்து வரும் முதல் முழு ஷிப்டுக்கு வேலையில் நிற்க வேண்டும். இரவு 10 மணிக்கு வீடு வந்தவரை மறுநாள் காலை 6 மணிக்கு முன் தொடங்கும் ஷிப்டுக்கு வரச் சொல்ல முடியாது. 31 முதல் 180 நாள் வரை என்றால், 14 நாளுக்குள் ‘திரும்ப வருகிறேன்’ என்று கோர வேண்டும். 181 நாளும் அதற்கு மேலும் என்றால் 90 நாள் அவகாசம். உங்கள் கணவருக்கு இந்த 90 நாள் பொருந்தும்.

90 நாள் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீடு வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். சேர்ந்த விடுப்பைக் கடைசியில் எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தால் அந்த நாட்களும் ராணுவப் பணியில்தான் சேரும். பணியிலிருந்து விடுவிக்கும்போது ராணுவம் தரும் டி.டி. 214 படிவத்தில் இருக்கும் விடுவிப்புத் தேதியைப் பாருங்கள். 90 நாளுக்குள் கோரிக்கை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், மதுரைக்குக் கிளம்பும் முன்பே “இந்தத் தேதியில் வேலைக்கு வரத் தயார்” என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நிம்மதி.

அதற்கெனத் தனிப் படிவம் எதுவும் கிடையாது. 30 நாளுக்கு மேற்பட்ட பணி என்பதால் நிறுவனம் சான்று கேட்கலாம்: டி.டி. 214, ஆர்டர் நகல், அல்லது தளபதியின் கடிதம். தாள் இன்னும் வந்து சேரவில்லை என்பதைக் காரணம் காட்டி வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. கோரிக்கை கொடுத்ததிலிருந்து, அசாதாரணச் சூழல் எதுவும் இல்லாவிட்டால், இரண்டு வாரத்துக்குள் வேலையில் சேர்க்க வேண்டும். ஒருவேளை கெடு தவறிப்போனால் உரிமை அப்படியே அழிந்துவிடாது. சொல்லாமல் வேலைக்கு வராத மற்ற ஊழியருக்கு நிறுவனம் என்ன செய்யுமோ அதையே அவருக்கும் செய்யலாம். பல நிறுவனங்களில் அது பணிநீக்கம்தான். பணியில் காயமோ நோயோ பட்டு மருத்துவமனையில் இருந்தால் கெடு இரண்டு ஆண்டு வரை நீளும்.

உங்களுக்கும் ஒன்று உண்டு, சகோதரி. நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்து, நீங்களும் ஓராண்டு முடித்தவர் என்றால், கணவரின் பணி காரணமான அவசரங்களுக்குக் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டத்தில் 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்புக் கேட்கலாம். பலருக்கு இது தெரியவே தெரியாது.

நான் பணியில் இருந்தபோது என்னோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர் சீனியராகிவிட்டார்கள். எனக்குப் பழைய வேலையும் பழைய சம்பளமும். வேலை கிடைத்ததே பெரிது என்று இருந்துவிட வேண்டியதுதானா? – ஒரு வாசகர், ஆஸ்டின்

இருந்துவிடக் கூடாது. 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபிஷ்கோல்டு வழக்கில் இந்தத் துறைக்கு ஓர் அடிப்படையை வகுத்தது: ராணுவத்திலிருந்து திரும்பும் ஊழியர் எஸ்கலேட்டரில் தான் இறங்கிய படியில் ஏற மாட்டார், தொடர்ந்து நின்றிருந்தால் இன்று எந்தப் படியில் இருப்பாரோ அந்தப் படியில் ஏறுவார். இன்றைய சட்டமும் அதன் மேல்தான் நிற்கிறது. சீனியாரிட்டி, அதனால் வரும் சம்பள உயர்வு, விடுமுறை சேரும் வீதம் எல்லாம் நீங்கள் இடைவிடாமல் வேலை பார்த்தது போலவே கணக்கிடப்படும்.

பதவி உயர்வு நிர்வாகத்தின் மதிப்பீட்டைப் பொறுத்தது என்றால் கொஞ்சம் சிக்கல். ‘ஏறத்தாழ நிச்சயமாகக் கிடைத்திருக்கும்’ என்று காட்ட வேண்டும். போவதற்கு முந்தைய உங்கள் மதிப்பீடுகள், முந்தைய வருட உயர்வுகள், உங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பவைதான் ஆதாரம். பதவி உயர்வுத் தேர்வைத் தவறவிட்டிருந்தால், பழகிக்கொள்ள நியாயமான அவகாசம் தந்து திரும்ப வைக்க வேண்டும். தேறினால் அன்று எழுதியிருந்தால் கிடைத்திருக்கும் தேதியிலிருந்து உயர்வு. புதிய பொறுப்புக்குப் பயிற்சி தேவை என்றால் அதைக் கொடுப்பதும் நிறுவனத்தின் கடமை. “உனக்கு இது தெரியாதே” என்று மட்டும் சொல்லிக் கையை விரிக்க முடியாது.

எஸ்கலேட்டர் கீழேயும் இறங்கும். நீங்கள் இல்லாதபோது உங்கள் பிரிவையே மூடியிருந்தால், அந்த இழப்பு உங்களுக்கும் உண்டு.

அட்லாண்டாவில் எனக்கு இரண்டு பெட்ரோல் பங்க்குகளும் ஒரு சிறிய அலுவலகமும் உண்டு. என் மேனேஜர் நேஷனல் கார்டில் இருக்கிறார், ஒன்பது மாதம் போகிறார். பதிலுக்கு நல்ல ஆள் ஒருவர் கிடைத்திருக்கிறார். அவரை அனுப்ப மனமில்லை. நான் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? சம்பளம் கொடுக்க வேண்டுமா? – ஒரு வாசகர், ஜார்ஜியா

கேட்டதற்கு நன்றி. பிரச்சினை வந்த பிறகு கேட்பவர்களே அதிகம்.

புது ஆள் நன்றாக வேலை செய்கிறார் என்பது பழைய மேனேஜரைத் திரும்ப எடுக்க மறுக்கக் காரணமாகாது. புது ஆளை வெளியேற்ற வேண்டி வந்தாலும் பழையவருக்கு இடம் கொடுத்தாக வேண்டும். அதனால் இன்றே புது ஆளின் நியமனக் கடிதத்தில் ‘ராணுவப் பணியில் உள்ள ஊழியர் திரும்பும் வரை’ என்று எழுதிவிடுங்கள். அவரைக் கைவிட மனமில்லை என்றால் ஒன்பது மாதத்துக்குள் வேறு பொறுப்பு ஒன்றை உருவாக்கப் பாருங்கள்.

ராணுவப் பணிக் காலத்துக்குச் சம்பளம் கொடுக்க இந்தச் சட்டம் தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. மணிக்கணக்குச் சம்பளக்காரர் என்றால் வேலை செய்யாத நேரத்துக்குத் தர வேண்டியதில்லை. ஆனால் மேனேஜர் ஓவர்டைம் இல்லாத மாதச் சம்பளக்காரராக இருந்தால், ஒரு வாரத்தில் ஒரு நாள் வேலை செய்துவிட்டு மீதி நாள் ராணுவப் பணிக்குப் போனாலும் அந்த வாரச் சம்பளம் முழுதும் கொடுக்க வேண்டும். அந்த வாரத்துக்கு ராணுவம் தந்த தொகையை மட்டும் கழித்துக்கொள்ளலாம். வாரம் முழுதும் வரவில்லை என்றால் ஒன்றும் தர வேண்டாம். இன்னொரு கண்ணி: ஜூரி கடமைக்கோ நோய்க்கோ சில நாள் சம்பளத்தோடு விடுப்பு தருகிறீர்கள் என்றால், அதேபோன்ற குறுகிய ராணுவ விடுப்புக்கும் தர வேண்டியிருக்கலாம். யுனைடெட் ஏர்லைன்ஸ், ஃபெடெக்ஸ் மீதான வழக்குகளில் 2021-இல் இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அந்த வாதத்தை ஏற்றன. உங்கள் ஊழியர் விதிக் கையேட்டை இதற்கேற்பத் திருத்துங்கள்.

ட்ரில் தேதி உங்களுக்குப் பெரும் இடைஞ்சல் என்றால் படைப்பிரிவுத் தளபதியைத் தொடர்புகொண்டு மாற்ற முடியுமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர் முடியாது என்றால் அதோடு முடிந்தது. பாதுகாப்புத் துறையின் கீழ் 1972 முதல் இயங்கும், ரிசர்வ் ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையே பேசித் தீர்க்க உதவும் இ.எஸ்.ஜி.ஆர். அமைப்பு முதலாளிகளுக்கும் இலவசமாக வழிகாட்டும்.

திரும்பி வந்தபின் எச்சரிக்கையாக இருங்கள். 180 நாளுக்கு மேல் பணி செய்து வந்தவரை ஓராண்டுக்குத் தகுந்த காரணமின்றி நீக்க முடியாது. 31 முதல் 180 நாள் என்றால் இந்தப் பாதுகாப்பு 180 நாள். காரணம் நியாயமானது, இப்படி நடந்தால் வேலை போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்ற இரண்டையும் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கடைசியாக, பேச்சு. “மறுபடியும் ட்ரில்லா?” என்று சூப்பர்வைசர் எரிச்சலில் அனுப்பும் ஒரு குறுஞ்செய்தி போதும். இல்லினாய் மாநிலத்தில் ஸ்டாப் என்ற மருத்துவத் தொழில்நுட்பர் ராணுவ ரிசர்விலும் இருந்தார். அவருடைய ரிசர்வ் பணியை வெறுத்த மேற்பார்வையாளர்கள் புகார் சொல்ல, மனிதவள அதிகாரி அதை நம்பி அவரை நீக்கினார். நீக்கியவருக்கு வெறுப்பு இல்லாவிட்டாலும், வெறுப்பில் பிறந்த புகார் அந்த முடிவுக்குக் காரணமானால் நிறுவனம் பொறுப்பாகலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு இதைச் சொல்லி வையுங்கள்.

போகும்போது குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும், ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே-யும் என்ன ஆகும்? – ஒரு வாசகர், சிகாகோ

31 நாளுக்குக் குறைவான பணி என்றால் வழக்கமாகச் சம்பளத்தில் பிடிக்கும் பங்கை மட்டும் கட்டினால் போதும். அதற்கு மேல் போனால் 24 மாதம் வரை கம்பெனிக் காப்பீட்டைத் தொடரலாம், ஆனால் முழுப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை கேட்பார்கள். 30 நாளுக்கு மேற்பட்ட ஆர்டர் வந்தால் குடும்பத்துக்கு ராணுவத்தின் மருத்துவக் காப்பீடான ட்ரைகேர் கிடைக்கும் என்பதால், இரண்டின் செலவையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள். குழந்தைக்குத் தொடர் சிகிச்சை நடக்கிறது என்றால் அதே மருத்துவர் ட்ரைகேரில் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். திரும்பி வந்ததும் காத்திருப்புக் காலம் இல்லாமல் கம்பெனிக் காப்பீடு மீண்டும் தொடங்க வேண்டும்.

401கே-யில் நீங்கள் போடாமல் விட்ட தொகையைத் திரும்பி வந்தபின் போடலாம். பணிக்காலத்தின் மூன்று மடங்கு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு அவகாசம். பத்து மாதம் போனவருக்கு முப்பது மாதம். நீங்கள் போடப் போட, நிறுவனம் தன் பங்கையும் போட வேண்டும். இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரமே எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மூன்று வருட முழுநேர ராணுவப் பணி ஒன்றுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். ஏற்கெனவே இரண்டரை வருடம் போய் வந்திருக்கிறேன். – ஒரு வாசகர், சியாட்டில்

ஒரே முதலாளியிடம் இருந்து மொத்தம் ஐந்து ஆண்டு வரை போகலாம் என்பது பொது வரம்பு. மாத ட்ரில், வருடாந்தரப் பயிற்சி, கட்டாய அழைப்பு ஆகியவை அதில் சேராது. நீங்கள் விரும்பிப் போகும் முழுநேரப் பணி பெரும்பாலும் சேரும். அந்த இரண்டரை வருடம் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று பழைய ஆர்டர்களில் பாருங்கள். 12302 என்றால் கட்டாய அழைப்பு, கணக்கில் வராது. 12301(டி) என்றால் விருப்பப் பணி. விலக்கு உண்டா என்று படைப்பிரிவிடம் எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் இந்த மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் ஐந்தைத் தாண்டிவிடுவீர்கள், திரும்பக் கேட்கும் உரிமையும் போய்விடும். புது முதலாளியிடம் சேர்ந்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

புயல் நிவாரணத்துக்கு ஆளுநர் நேஷனல் கார்டைக் கூப்பிட்டார். அது ராணுவ அழைப்பே இல்லை என்கிறது என் கம்பெனி. – ஒரு வாசகர், ஃபுளோரிடா

மாநில அரசின் உத்தரவில் செய்யும் பணி முன்பு யூசெர்ராவுக்குள் வரவில்லை. 2021 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 14 நாளோ அதற்கு மேலோ நீளும் மாநிலப் பணியும், அதிபர் அறிவித்த தேசிய நெருக்கடி அல்லது பெரும் பேரிடருக்கான மாநிலப் பணியும் பாதுகாப்பில் அடங்கும். இரண்டிலும் சேராத சில நாள் பணிக்கு உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

என் தம்பி மாநில அரசு ஊழியர். ராணுவப் பணியில் நுரையீரல் கெட்டுத் திரும்பினான். பழைய வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை. அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்கிறார்கள். – ஒரு அண்ணன், ஹூஸ்டன்

போட முடியும். உங்கள் மாநிலத்திலிருந்தே அந்தத் தீர்ப்பு வந்தது. டெக்சாஸ் மாநிலக் காவல் அதிகாரி லெ ராய் டாரஸ் ராணுவ ரிசர்வில் ஈராக்குக்குப் போய், குப்பை எரிகுழிகளின் புகையால் நுரையீரல் கெட்டுத் திரும்பினார். உடம்புக்கு ஏற்ற வேறு வேலை கேட்டார், கிடைக்கவில்லை. வழக்கில் மாநிலம் தன்மேல் வழக்கே போட முடியாது என்றது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்த வாதத்தைத் தள்ளியது. அடுத்த ஆண்டு ஜூரி அவருக்கு ஏறத்தாழ 25 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது.

உங்கள் தம்பிக்கு மாநிலம் படிப்படியாகச் செய்ய வேண்டியது: முதலில், அவர் இன்று இருந்திருக்க வேண்டிய பதவியை நியாயமான மாற்றங்களோடு தர முயல வேண்டும். அது முடியாவிட்டால் அதற்குச் சமமான அந்தஸ்தும் சம்பளமும் உள்ள வேறு பதவி. அதுவும் முடியாவிட்டால் அதற்கு மிக நெருக்கமான ஒன்று. கோரிக்கையில் ‘பழைய வேலை செய்ய முடியாது’ என்று மட்டும் எழுதிவிடாமல், என்னென்ன வேலை செய்ய முடியும் என்பதை மருத்துவர் கடிதத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

திரும்பி வந்து மூன்றாம் மாதமே ‘ஆட்குறைப்பு’ என்று அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டால் ஆறு வாரச் சம்பளம் என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். – ஒரு வாசகி, வட கரோலினா

கையெழுத்துப் போடாதீர்கள், இப்போதைக்கு. அந்தத் தாளில் வழக்குரிமையை விட்டுக்கொடுக்கும் வரி ஒன்று இருக்க வாய்ப்பு மிக அதிகம். யூசெர்ரா தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் அதைப் பார்க்கட்டும். வேலையில் சேர்ந்தபோது, தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் கொண்டுபோகச் சொல்லும் நடுவர் தீர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்களா என்றும் தேடுங்கள். நீதிமன்றங்கள் பல அத்தகைய ஒப்பந்தங்களை இந்தச் சட்டத்திலும் செல்லும் என்றிருக்கின்றன.

சண்டை இல்லாமல் தீர வாய்ப்பு இருந்தால் இ.எஸ்.ஜி.ஆரின் இலவச மத்தியஸ்தர் பேசிப் பார்ப்பார். பல முதலாளிகள் சட்டம் தெரியாமல் செய்தவர்களே, அங்கேயே இறங்கி வருவார்கள். பலிக்காவிட்டால் தொழிலாளர் துறையில் படைவீரர்களுக்கென உள்ள வெட்ஸ் பிரிவில் 1010 எண் படிவத்தில் புகார். விசாரணைக்கு 90 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் புகாரை நீதித் துறைக்கு அனுப்பும்படி நீங்கள் அவர்களைக் கேட்கலாம். புகாரே கொடுக்காமல் நேரே வழக்குப் போடவும் உரிமை உண்டு. நீதிமன்றக் கட்டணம் கிடையாது, இத்தனை வருடத்துக்குள் என்ற கெடுவும் கிடையாது. இருந்தாலும் தாமதிக்காதீர்கள், சாட்சிகள் வேலை மாறிப் போய்விடுவார்கள்.

வென்றால் வேலையும் இழந்த சம்பளமும் வரும். 2025 ஜனவரியில் வந்த திருத்தத்துக்குப் பின், நிறுவனம் தெரிந்தே செய்தது என்று நிரூபணமானால், கூடுதலாக இழப்புக்குச் சமமான தொகை அல்லது 50,000 டாலர், இரண்டில் எது அதிகமோ அது கிடைக்கும்.

‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லைச் சோதிக்க எளிய வழி: உங்கள் பதவிக்கு அந்த நிறுவனமே மறுபடி விளம்பரம் செய்கிறதா என்று வாராவாரம் பாருங்கள். கண்டால் தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள்.

இந்தியாவில் டெரிட்டோரியல் ஆர்மியில் சேர்ந்தவர்களுக்கு இப்படிச் சட்டம் உண்டா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

உண்டு. 1948-ஆம் ஆண்டு டெரிட்டோரியல் ஆர்மி சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பணிக்கு அழைக்கப்பட்டவரை முதலாளி முந்தையதற்குக் குறையாத நிபந்தனைகளில் திரும்ப எடுக்க வேண்டும் என்கிறது. தகராறு வந்தால் அதற்கான அதிகாரி விசாரித்து, வேலை கொடு என்றோ, ஆறு மாதச் சம்பளத்துக்கு மிகாத இழப்பீடு கொடு என்றோ உத்தரவிடலாம். எங்கள் கருத்தில் அந்த ஆறு மாத உச்சவரம்பு மிகக் குறைவு. அமெரிக்கச் சட்டத்தைப் போல முதலாளியைத் தயங்கவைக்கும் அளவு அதற்குப் பலம் இல்லை.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நடுவில் கூப்பிட்டால் படிப்பு? – ஒரு தந்தை, ஓஹாயோ

அதற்கு யூசெர்ரா பொருந்தாது, உயர்கல்விச் சட்டத்தில் தனி விதி இருக்கிறது. கல்லூரிக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டுப் போய், பணி முடிந்து மூன்று ஆண்டுக்குள் திரும்ப விரும்புகிறேன் என்று சொன்னால், விட்ட இடத்திலிருந்து அதே தகுதியோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கல்விக் கடன் அல்லது உதவித்தொகை இருந்தால் அந்த அலுவலகத்துக்கும் கிளம்பும் முன்பே ஆர்டர் நகல் ஒன்றைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.